லூகா டோனியை உருவாக்கிய ஊர்கள்

இத்தாலியின் சிறந்த ஸ்ட்ரைக்கர்கள் யார் என்று கால்பந்து ரசிகர்கள் பேச உட்கார்ந்தால் பாஜியோ, டெல் பியரோ, டோட்டி, வியேரி, இன்ஸாகி என்று பெயர்கள் வரிசையாக வரும். யாராவது லூகா டோனி என்று சொன்னால் மட்டும் பேச்சு ஒரு நொடி நிற்கும். "நல்ல உயரம், நல்லா ஹெட் பண்ணுவார், ஆனா எந்த டீம்லயும் நிலையா இருந்ததில்லையே" என்பார்கள். அதோடு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். எனக்கு இது பல வருட ஆதங்கம். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

ஒரே ஊரில் நின்றவர்களைக் கொண்டாட நமக்குத் தெரியும். ஜிஜி ரிவா யுவென்டஸ் கூப்பிட்டும் கால்யாரியை விட்டுப் போகவில்லை. டி நத்தாலே உதினேசேயிலேயே இருந்தார். டோட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் அருமையான கதைகள், நானும் அவற்றில் உருகியவன்தான். ஆனால் 1994-இல் மோடெனாவில் தொடங்கி 2016-இல் வெரோனாவில் முடித்த, மொத்தம் 15 கிளப்புகளின் சட்டையைப் போட்ட ஒருவரை "நிலையில்லாதவர்" என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊர்கள் இல்லையென்றால் டோனி என்ற ஸ்ட்ரைக்கரே இல்லை. இதுதான் என் கட்சி.

1997-98 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். மிலானில் இன்டர் அணிக்காக பிரேசிலின் ரொனால்டோ அந்த வருடம் இத்தாலியின் முதல் டிவிஷனான சீரி ஏ-வில் 25 கோல் அடித்தார். சீசனின் நடுவே ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதும் வாங்கினார். அதே வருடம், மிலானிலிருந்து அதிக தூரமில்லாத பியாசென்சா மாகாணத்துச் சிற்றூர் ஃபியோரென்சுவோலாவில், ரொனால்டோவைவிட எட்டே மாதம் இளையவரான டோனி மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தார். 26 ஆட்டம், 2 கோல். அதற்கு முந்தைய வருடம் எம்போலியில் கிடைத்தது மூன்றே ஆட்டம். இருபது வயது ஃபார்வர்ட், மூன்றாம் டிவிஷன், ஒரு முழு சீசனில் இரண்டு கோல். இன்றைக்கு இப்படி ஒரு பையனின் கணக்கைக் காட்டினால் எந்த ஸ்கவுட்டும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்.

அடுத்த வருடம் ரோமுக்குப் போனார். ரோமா, லாட்சியோ என்று நினைக்க வேண்டாம்; லோடிஜானி. டோட்டி சின்னப் பையனாக இருந்தபோது ஆடிய அதே சிறிய கிளப். மூன்றாம் டிவிஷன்தான், ஆனால் இந்த முறை 15 கோல். அடுத்து இரண்டாம் டிவிஷனில் த்ரெவீசோ, அங்கேயும் 15. இருபத்து மூன்றாம் வயதில் விசென்சா மூலமாக சீரி ஏ-வில் கால் வைத்தார். அங்கே 9 கோல் அடித்தும் விசென்சா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிப்போனது.

அந்தக் காலத்து இத்தாலிய மூன்றாம் டிவிஷன் எப்படிப்பட்டது என்பதை டோனியின் ஆட்டத்திலேயே பார்க்கலாம். சட்டையை இழுப்பார்கள், கணுக்காலில் மிதிப்பார்கள், ரெஃப்ரி பார்க்காத நேரத்தில் முழங்கையால் இடிப்பார்கள். முப்பது தாண்டிய, குடும்பம் குட்டி உள்ள டிஃபென்டர்களுக்கு அந்த ஆட்டம்தான் சோறு. அவர்களோடு மல்லுக்கட்டித்தான் டோனி முதுகைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். பந்து வருவதற்கு முன்பே இடுப்பால் டிஃபென்டரை அரை அடி நகர்த்திவிடுவார். பார்க்கிறவர்களுக்கு, பந்து தானாக வந்து அவர் தலையில் பட்டதுபோல இருக்கும். ஆறடி நாலங்குல உயரம் எல்லாருக்கும் தெரிகிறது. அந்த அரை அடியைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லாமல் போகக் கூடாது. 2001-இல் டோனி பிரேஷாவுக்கு வந்தபோது அங்கிருந்து பியாசென்சாவுக்குப் போனவர் தாரியோ ஹூப்னர். அவரும் கீழ் டிவிஷன்களில் வளர்ந்தவர். மூன்றாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், முதல் டிவிஷன் என்று மூன்றிலும் டாப் ஸ்கோரராக வந்தவர். போன வேகத்தில், 2001-02-இல், 24 கோல் அடித்து த்ரெசெகேயுடன் சீரி ஏ டாப் ஸ்கோரர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 35. அந்தப் பட்டத்தை வென்றவர்களில் மிக மூத்தவர் என்ற பெருமையும் சேர்ந்தது. இந்த வயதுக் கணக்கை நினைவில் வையுங்கள்.

பிரேஷாவில் மட்சோனே கோச், முன்னால் ராபர்ட்டோ பாஜியோ, நடுவில் கொஞ்ச காலம் பெப் கார்டியோலா. முதல் வருடம் 13 கோல், இரண்டாவது வருடம் காயம். அதற்குப் பிறகு 2003-இல் டோனி எடுத்த முடிவுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்பேன். 26 வயதில், சீரி ஏ-வில் இருந்த அணியை விட்டு இரண்டாம் டிவிஷனில் இருந்த பலெர்மோவுக்குப் போனார். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு உச்ச வயது என்று நாம் சொல்லும் வயதில் ஒரு படி கீழே இறங்கினார். முப்பது வருடமாக முதல் டிவிஷனையே பார்க்காத ஊர் அது. அதை வாங்கியிருந்த சம்பரீனியோ கோச்சுகளை நிற்க விடாத முதலாளி.

என்ன ஆனது? அந்த 24 அணி லீகில் 30 கோல். பலெர்மோ முதலிடம் பிடித்து மேலே ஏறியது. அடுத்த வருடம் சீரி ஏ-வில் 20 கோல். புதிதாக ஏறிய அணி ஆறாவது இடத்தில் முடித்து ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. இத்தாலியின் கோச் லிப்பி அவரை 2004 ஆகஸ்டில் தேசிய அணிக்கு அழைத்தார். இறங்கியதால்தான் ஏறினார். கௌரவம் பார்த்து ஏதோ ஒரு சீரி ஏ அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் 2006 உலகக் கோப்பையை வீட்டில் டிவியில்தான் பார்த்திருப்பார்.

2005-06, ஃபியோரென்டினா. 38 ஆட்டம், 31 கோல். சீரி ஏ-வில் ஒருவர் 30 கோலைத் தொட்டது 1958-59-இல் அன்ஜெலிலோ 33 அடித்ததற்குப் பிறகு அதுவே முதல் முறை. வான் பாஸ்டன், பாட்டிஸ்டூட்டா, ஷெவ்சென்கோ, அந்த ரொனால்டோ என்று எத்தனை பேர் வந்து போனார்கள், யாராலும் முடியவில்லை. ஐரோப்பிய லீகுகளின் டாப் ஸ்கோரருக்கான கோல்டன் ஷூ விருதை வென்ற முதல் இத்தாலியர் டோனிதான். அந்தக் கோடையில் ரெஃப்ரி நியமனங்களில் தலையிட்ட கால்சியோபோலி ஊழல் வெடித்து, ஃபியோரென்டினா அடுத்த சீசனைக் கழித்துப்போட்ட புள்ளிகளோடு தொடங்க வேண்டி வந்தது. டோனி கிளம்பவில்லை. நின்று 16 கோல் அடித்தார். நிலையில்லாதவர் என்கிறவர்கள் இந்த வருடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த 2006 உலகக் கோப்பை. உக்ரைனுக்கு எதிரான காலிறுதியில் இரண்டு கோல். இறுதி ஆட்டத்தில் பிர்லோவின் கார்னரில் அவர் அடித்த ஹெட்டர் கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் பாதியில் போட்ட கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. அந்த இரவின் நாயகர்கள் வேறு இருவர். சமன் செய்த மத்தராட்சி. கடைசி பெனால்டியை அடித்த க்ரோஸோ. மத்தராட்சி சிசிலியில் மார்சாலா, த்ராபனி போன்ற கீழ் டிவிஷன் அணிகளில் அடிபட்டு வந்தவர். க்ரோஸோ அமெச்சூர் லீகில் தொடங்கி கியேத்தி வழியாக ஏறியவர். பலெர்மோவில் டோனியோடு சேர்ந்து இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்தவர். சென்னை ரசிகர்களுக்கு மத்தராட்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2015-இல் சென்னையினுக்கு ஐஎஸ்எல் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் அவர். எதற்குச் சொல்கிறேன் என்றால், கன்னவாரோ, புஃபோன், பிர்லோவோடு சேர்ந்து அந்தக் கோப்பையைத் தூக்கிய கைகளில் பல, டிவி கேமரா எட்டிப்பார்க்காத மைதானங்களில் முறுக்கேறியவை.

பிறகு பயர்ன் மியூனிக். முதல் வருடமே 24 கோலுடன் ஜெர்மன் முதல் டிவிஷனான புண்டஸ்லிகாவின் டாப் ஸ்கோரர். பெர்லினில் நடந்த ஜெர்மன் கோப்பை இறுதியில் டோர்ட்மண்டுக்கு எதிராக அணியின் இரண்டு கோலும் அவருடையவை. ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது அதே மாதம் ஸ்பெயினில் நடந்த கெட்டாஃபே ஆட்டத்தை. யூஈஎஃப்ஏ கோப்பைக் காலிறுதி, இரண்டாவது ஆட்டம். கெட்டாஃபே ஆறாவது நிமிடத்திலேயே ஒரு ஆளை சிவப்பு அட்டைக்குப் பறிகொடுத்தும் முன்னிலை பெற்றது. 89-ஆவது நிமிடத்தில் ரிபெரி சமன் செய்ய, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் கெட்டாஃபே இரண்டு கோல் போட்டுவிட்டது. 3-1. பயர்னின் கதை முடிந்தது என்று எல்லாரும் எழுந்துவிட்ட நேரம். 115-ஆவது நிமிடம், கோல்கீப்பர் கை நழுவவிட்ட பந்து. டோனி அங்கே இருந்தார். 120-ஆவது நிமிடம், டோனியின் தலை. 3-3. இரண்டு ஆட்டமும் சமன் என்பதால், வெளியூரில் அதிக கோல் போட்ட கணக்கில் பயர்ன் அரையிறுதிக்குப் போனது. 114 நிமிடம் ஒன்றும் நடக்காமல் ஓடிவிட்டு 115-ஆவது நிமிடத்திலும் அதே நம்பிக்கையோடு பாக்ஸுக்குள் ஓடுவதற்கு ஒரு மனம் வேண்டும். ஃபியோரென்சுவோலாவில் மாதக்கணக்கில் கோல் இல்லாமல் ஓடியவருக்கு 114 நிமிடம் பெரிதாகத் தெரிந்திருக்காது.

பயர்னுக்குப் புதிய கோச்சாக வான் கால் வந்தார், ஒத்துப்போகவில்லை. ரோமாவுக்கு லோன், அங்கே இன்டருக்கு எதிராக ஒரு முக்கியமான கோல். ஜெனோவா. யுவென்டஸ், புதிய மைதானத் திறப்பு ஆட்டத்தில் கோல் போட்டவர் அவர்தான். துபாயில் அல் நாஸ்ர். மறுபடியும் ஃபியோரென்டினா, 8 கோல். இந்த வருடங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. 36 வயது ஆகிவிட்டது, இனி ரிட்டயர்மென்ட்தான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

2013-இல் வெரோனா கூப்பிட்டது. 11 வருடம் கழித்து சீரி ஏ-வுக்குத் திரும்பிய அணி. முதல் ஆட்டமே மிலானோடு. மிலான் முன்னிலை பெற்ற பிறகு டோனி இரண்டு ஹெட்டர், 2-1. அந்த சீசனில் 20 கோல். அடுத்த சீசனில் 22. இன்டரின் மௌரோ இகார்டியும் 22 அடித்து டாப் ஸ்கோரர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். இகார்டிக்கு வயதும் 22. டோனி மோடெனாவில் முதல் சட்டை போட்டபோது இகார்டி ஒரு வயதுக் குழந்தை. அந்த மே மாதம் டோனிக்கு 38 முடிந்தது. ஹூப்னரின் 35 வயதுச் சாதனை உடைந்தது. உடைத்தவர் பிரேஷாவில் அவர் இடத்துக்கு வந்த அதே ஆள். இரண்டாம் டிவிஷனில் ஒரு முறை, சீரி ஏ-வில் ஒன்பது வருட இடைவெளியில் இரண்டு முறை, ஜெர்மனியில் ஒரு முறை என்று நான்கு வெவ்வேறு கிளப்புகளில் டாப் ஸ்கோரர். இதற்குப் பெயர் நிலையாமை என்றால் நிலைத்தன்மைக்கு என்ன பெயர் வைப்பது?

அவர் சாம்பியன்ஸ் லீக் வென்றதில்லை என்பார்கள். உண்மை. 2008 யூரோவில் கோலே போடவில்லை என்பார்கள். அதுவும் உண்மை, அந்தத் தொடரில் அவர் தவறவிட்ட வாய்ப்புகள் எனக்கும் வலித்தவைதான். ஆனால் தொடக்கத்தில் யாருமே எதிர்பார்க்காத ஒருவர் சீரி ஏ-வில் மட்டும் 157 கோல் அடித்தார். தனி சென்டர் ஃபார்வர்ட் என்று பார்த்தால், என் பட்டியலில் ரிவாவுக்கும் வியேரிக்கும் அடுத்து டோனிதான்.

இன்றைய இத்தாலியைப் பார்க்கும்போது இந்த ஆதங்கம் இன்னும் கூடுகிறது. 2018 உலகக் கோப்பை இல்லை, 2022 இல்லை. 2022 மார்ச்சில் வடக்கு மாசிடோனியாவிடம் தோற்று வெளியேறிய ஆட்டம் நடந்தது பலெர்மோவில், டோனி இரண்டாம் டிவிஷனில் கோல் மழை பொழிந்த அதே மைதானத்தில். முப்பதுக்கும் மேற்பட்ட ஷாட், ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அடுத்த வருடம் ஒன்பதாம் எண் சட்டைக்கு ஆள் தேடி அர்ஜென்டினாவில் பிறந்து அங்கேயே ஆடிக்கொண்டிருந்த ரெதேகியை அழைத்து வந்தார்கள். ரெதேகி நல்ல வீரர், அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் இங்கே ப்ரிமாவேரா இளையோர் லீகின் வயது வரம்பை 20 வரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். டோனி பெரிய ஆட்களிடம் மிதிபட்டுப் பழகிய வயதில், இன்றைய பையன்கள் பையன்களோடே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பதினெட்டு வயதிலேயே மூன்றாம் டிவிஷனுக்கு அனுப்புங்கள். ஒரு சீசனில் இரண்டே கோல் அடித்து வந்தாலும் அடுத்த சீசனுக்கு வேறு ஊருக்கு அனுப்புங்கள், அதற்கடுத்த சீசனுக்கும் அனுப்புங்கள்.