உண்மை விளக்கம்: ஓடும் பைக்கில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கலாமா?

"இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றுங்க. வண்டி நிற்கலைன்னா சார்ஜிங் சூப்பர்!" காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் யோசனை இது. தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு சேர்ந்து, அது எகிறாமல் தாங்கிப் பிடிப்பதில் பேட்டரிக்கும் பங்குண்டு. பேட்டரியைப் பிடுங்கினால் பல்பு, ரெகுலேட்டர், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி) என எதுவும் போகலாம். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு பெரும்பாலான பைக்குகளில் இசியூ உண்டு. அதன் விலை சின்னதல்ல. சோதனையும் நம்பத்தக்கதல்ல. பழைய கிக்கர் வண்டிகள் சிலவற்றில் ஸ்பார்க்குக்குத் தனி காயில் இருக்கும். சார்ஜிங் செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும்.

சரி, எப்படிப் பார்ப்பது? வோல்டேஜ் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையா? உடனே ஸ்டேட்டரை (மின்சாரம் தயாரிக்கும் சுருள்) மாற்றச் சொல்லாதீர்கள். வண்டியை அணைத்துவிட்டு, ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் மட்டும் கருகி உருகியிருக்கலாம். பல வண்டிகளில் கோளாறே அவ்வளவுதான். மீட்டர் 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர்மேல் சந்தேகப்படலாம்.

அப்புறம், நம்ம வேலூர் வெயிலில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் முதலில் அந்த மட்டத்தைப் பாருங்கள்.