முதலில் போஸ்ட்டைக் காட்டுங்கள்

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் அழைத்தார். ஐந்து அச்சில் நகர்ந்து உலோகத்தை வெட்டும் ஃபைவ் ஆக்சிஸ் மெஷினுக்கு வங்கிக் கடன் கிடைத்துவிட்டதாம். டேபிளே சாய்ந்து சுழலும் வகை. இனி வெட்டும் பாதையைக் கணக்கிடும் கேம் மென்பொருள்தான் பாக்கி. மூன்று விற்பனையாளர்களின் டெமோவைப் பார்த்துவிட்டார். மூவரும் வெட்டிக் காட்டியது வளைந்த இறக்கைகள் கொண்ட இம்பெல்லர் சக்கரம். "மூன்றுமே நன்றாக இருக்கிறது அண்ணா, எதை வாங்கட்டும்?" என்றார். அவர்களில் யாராவது மெஷின் படிக்கும் கட்டளை வரிகளான ஜி-கோடைத் திறந்து காட்டினார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

டெமோ இம்பெல்லர் என்பது கல்யாணத் தரகர் கொண்டுவரும் ஸ்டுடியோ படம் மாதிரி. பொய் இல்லை, ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது.

கேம் மென்பொருள் கணக்கிடுவது வெட்டும் டூலின் முனை எங்கே நிற்க வேண்டும், டூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மட்டும்தான். அந்தச் சாய்வை உங்கள் மெஷினின் ஏ (டேபிள் சாய்வு), சி (டேபிள் சுழற்சி) கோணங்களாக மாற்றி, மெஷினை இயக்கும் கணினியான கண்ட்ரோலுக்குப் புரியும் மொழியில் எழுதுவது போஸ்ட் புராசசர், சுருக்கமாக போஸ்ட். டேபிள் சுழலும்போதும் டூல் முனை, வெட்டப்படும் ஜாபில் சரியான இடத்திலேயே இருக்கும்படி மெஷினே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் (இதுதான் டூல் முனைக் கட்டுப்பாடு) ஃபேனக் கண்ட்ரோலில் ஜி43.4, சீமென்ஸில் டிராஓரி, ஹைடன்ஹைனில் எம்128, ஹாஸில் ஜி234 என்று ஆளுக்கொரு பாஷை. திரையில் பச்சை நிறத்தில் ஓடும் சிமுலேஷனோ பெரும்பாலும் போஸ்ட்டுக்கு முந்தைய கணக்கைத்தான் ஓட்டிக் காட்டுகிறது. வெரிகட் போல ஜி-கோடையே படித்து ஓட்டும் மென்பொருள் தனி. அதற்கு விலையும் தனி.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அலுமினிய ஜாபைப் பலி கொடுத்து. டூல் ஒரு திசையில் சாய்ந்து நிற்க, டேபிளுக்கு இரண்டு வழி உண்டு: ஏ 30, சி 0 என்பதும் ஏ மைனஸ் 30, சி 180 என்பதும் டூலுக்கு ஒரே திசைதான். எங்கள் மெஷினில் ஏ அச்சு ஒரு பக்கம் 30 டிகிரிக்கு மேல் போகாது. பாதை அந்த எல்லையைத் தொட்டதும் போஸ்ட் அடுத்த வழிக்குத் தாவியது. தாவுவதில் தப்பில்லை. டூலை மேலே தூக்கிவிட்டுத் தாவியிருக்க வேண்டும். தூக்கவில்லை. முனை ஜாபின் மேல் இருக்கும்போதே டேபிள் அரைச்சுற்று சுற்றியது. டூல் பக்கச் சுவரை உழுதுவிட்டது. ஆபரேட்டர் எமர்ஜென்சியை அடித்ததால் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் பிழைத்தது. திரையில் அதே இடத்தில் டூல் வெண்ணெயில் போவதுபோலப் போயிருந்தது.

விற்றவரை அழைத்தால் மென்பொருள் சரியாக இருக்கிறது, போஸ்ட் திருத்தம் தனிக் கட்டணம் என்றார். போஸ்ட் கோப்பையோ எங்களால் திறக்கவே முடியாது, பூட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்த திருத்தம், எல்லை வந்தால் டூலைத் தூக்கு என்பதற்கான ஒரு சின்ன மாற்றம்.

அன்றிலிருந்து நான் கேட்கும் முதல் கேள்வி: போஸ்ட் யார் கையில் இருக்கும்? ஃபியூஷன் என்ற கேம் மென்பொருளில் அது ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய சாதாரணக் கோப்பு, கொஞ்சம் நிரல் தெரிந்தவர் திறந்து திருத்தலாம். (இலவசத் தனிநபர் உரிமத்தில் ஐந்து அச்சும் சேர்ந்து ஓடும் வேலை கிடையாது, அதற்குக் காசு கட்டித்தான் ஆக வேண்டும்.) என்எக்ஸில் டிசிஎல் மொழி. ஹைப்பர்மில்லில் போஸ்ட்டை நிறுவனமே செய்து தருகிறது. மூடிய போஸ்ட் என்பதாலேயே நான் ஒதுக்க மாட்டேன். எழுதியவர் முதல் ஜாபன்று உங்கள் மெஷின் பக்கத்தில் வந்து நிற்பாரா என்பதே எனக்கு முக்கியம்.

பாதையின் தரத்தைப் பற்றி விளம்பரங்கள் அடித்துக்கொள்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெவ்வேறு பெயரில் விற்கும் பல மென்பொருள்களின் ஃபைவ் ஆக்சிஸ் பாதைக்கு அடியில் இருப்பது ஜெர்மனியின் ஆகன் நகரத்து மாட்யூல்வொர்க்ஸ் நிறுவனத்தின் நிரல்தான். மேலும், எங்கள் பட்டறைக்கு வரும் பத்து வேலையில் எட்டு, டேபிளைச் சாய்த்துப் பூட்டிவிட்டு மூன்று அச்சில் வெட்டுவது. இம்பெல்லருக்காகப் பெரிய பாக்கேஜை வாங்கிவிட்டு வால்வு பாடியில் துளை போட்டுக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

மெஷின் வாங்கும்போதே டூல் முனைக் கட்டுப்பாடு விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அது கூடுதல் ஆப்ஷன். அது இல்லாவிட்டால் சுழல்மையத்திலிருந்து ஜாப் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது போஸ்ட்டுக்குத் தெரிய வேண்டும். ஜாபைப் பிடித்திருக்கும் ஃபிக்சரை மாற்றினால் புரோகிராமை மறுபடி எடுக்க வேண்டும். அசைவையும் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும்: மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் ஜாபை ஒரே வரியில் 5 டிகிரி சுழற்றினால், வில்லுக்கும் நாணுக்கும் நடுவில் 0.19 மில்லிமீட்டர் விலகிப்போகும். நம் வேலையில் 0.19 என்பது ஸ்கிராப்.

தம்பிக்கு ஒரு சோதனை சொன்னேன். ஒரு அலுமினியக் கட்டையில் எதிரெதிர் சாய்வில் இரண்டு துளை, நடுவில் சந்திக்கும்படி. கூடவே ஐந்து அச்சும் சேர்ந்து ஓடும் சின்னப் பாதை ஒன்று. வெட்டிய பிறகு இன்னொரு கட்டையை 20 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, ஜாபின் தொடக்கப் புள்ளியைச் சொல்லும் ஜீரோ ஆஃப்செட்டை மட்டும் மாற்றி அதே புரோகிராமை ஓட்டச் சொல்ல வேண்டும். துளை சந்திக்கும் இடத்தில் விரலுக்குப் படி தட்டாமல், இரண்டு கட்டையும் ஒன்றுபோல வந்தால் மெஷினும் போஸ்ட்டும் ஒன்றையொன்று புரிந்துகொண்டிருக்கின்றன. பணத்தில் கடைசிப் பங்கை அதற்குப் பிறகே கொடுக்கச் சொன்னேன்.

நேற்று மறுபடி அழைத்தார். மூவரிடமும் இதைச் சொன்னாராம். ஒருவர் மட்டும் கண்ட்ரோலின் மாடல், ஏ அச்சின் எல்லை, சுழல்மையம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய விலைதான் மூன்றிலும் அதிகம். தம்பி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.