நாவலாசிரியரே திரைக்கதை எழுதிய தமிழ்ப் படங்கள் உண்டு

"தமிழில் எந்த நாவலாசிரியரையும் திரைக்கதை எழுத விட்டதே இல்லை, அதனால்தான் நாவல்கள் படமாகும்போது நாசமாகின்றன" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தவறு. ஜெயகாந்தன் 1965-லேயே தன் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தானே இயக்கினார். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது.

பீம்சிங் இயக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977-இல் வந்தது. திரைக்கதை, வசனம் ஜெயகாந்தனே. அதே பெயரில் அவர் எழுதிய நாவலில் பெரும்பகுதி நாயகி கங்காவின் மனக்குரல்தான். பக்கம் பக்கமாகத் தனக்குள் பேசிக்கொண்டே இருப்பாள். அத்தனையையும் வசனமாக்கினால் படம் தாங்காது. நிறையப் போய்விட்டது, உண்மைதான். ஆனால் அம்மாவும் அண்ணனும் பேசுகிற இடங்களில் கங்காவாக நடித்த லட்சுமியின் முகத்தைக் கவனியுங்கள். பதில் சொல்லாமல் பார்க்கிற அந்தப் பார்வையில் கங்கா முழுசாக இருக்கிறாள். லட்சுமிக்குத் தேசிய விருது சும்மா வரவில்லை. எழுத்தாளர் ஆர்.கே.வி.யாக நாகேஷை அவ்வளவு அடக்கமாக வேறு எங்கே பார்த்தோம்?

நாவலுக்கு ஈடாகப் படம் வந்ததா என்று தாராளமாகச் சண்டை போடலாம். நாவல் ஒரு படி மேல் என்பதுதான் என் கட்சியும். ஆனால் எழுத்தாளரை உள்ளேயே விடவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.