புளியை விடுங்கள், இத்தாலியன் படியுங்கள்

இத்தாலிக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. புளி எத்தனை கிலோ, குக்கர் எத்தனை லிட்டர், சாம்பார்ப் பொடியை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா என்பது வரை விவரமாகச் சொல்கிறார்கள். அதே மூச்சில், "பாடம் ஆங்கிலத்தில்தான், இத்தாலியன் தேவையே இல்லை" என்றும் சொல்லிவிடுகிறார்கள். புளி விஷயத்தில் அவர்களை நம்பலாம். மொழி விஷயத்தில் நம்பாதீர்கள்.

வகுப்பறைக்குள் ஆங்கிலம் போதும்தான். ஆனால் வந்து இறங்கிய புதிதில் வகுப்பறையில் இருக்கும் நேரம் சொற்பம். மிச்ச நேரமெல்லாம் தபால் நிலையம், புகையிலைக் கடை, வீட்டு உரிமையாளரின் வாசல் என்று கழிகிறது.

நான் இருப்பது பதோவாவில். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் பதுவை என்கிறார்களே, அந்தோணியாரின் ஊர், அதுதான். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போகும் எங்கள் தெருப் பெண்கள் ஒருவர்கூட நான் என்ன படிக்கப் போகிறேன் என்று கேட்கவில்லை. அவர் கல்லறையில் தங்கள் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

முதலில் தங்கும் அனுமதி. வந்த எட்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பரிசீலிப்பது காவல்துறை, ஆனால் விண்ணப்பத்தைக் கொடுப்பது தபால் நிலையத்தில். படிவத்தில் ஒட்ட 16 யூரோ வருவாய் முத்திரை வேண்டும்; அதை விற்பது புகையிலைக் கடை. பஸ் டிக்கெட்டும் அங்கேதான். எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று நம் மூளை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கணக்கு இங்கே உதவாது.

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற பையன் உறையை நன்றாக ஒட்டிக் கொண்டுவந்திருந்தான். அதைத் திறந்தபடியேதான் கொடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் பேனாவை உறையின் ஓரத்தில் செருகி நீளக் கிழித்தார். பாஸ்போர்ட் நகல்களைப் புரட்டினார். ஒரு தாளில் விரலை வைத்து ஏதோ கேட்டார். பையன் "எஸ்" என்றான். அவர் மறுபடி கேட்டார். இவன் மறுபடி "எஸ்" என்றான். கட்டு முழுவதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தது. பின்னால் நின்ற ஒரு பாட்டி விளக்கினார், அதுவும் இத்தாலியனில், கையெழுத்துப் போடுவதுபோல் காற்றில் கையை ஆட்டி. கையொப்பம் விட்டுப்போயிருக்கிறது. அந்த அம்மாள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம் ஊர்த் தபால் நிலையத்தில் ஒருவர் இத்தாலியனில் மட்டும் பேசினால் நாம் என்ன செய்திருப்போம்?

அறை தேடுவதுதான் இதைவிடப் பெரிய பாடு. இத்தாலியப் பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்களுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால், 2023 மே மாதம் மிலானில் ஒரு மாணவி பல்கலைக்கழக வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்ததையும், அந்தப் போராட்டம் மற்ற நகரங்களுக்குப் பரவியதையும் பாருங்கள். இத்தாலியப் பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால் நமக்கு? ஒரு வீட்டு உரிமையாளர் என்னிடம் வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டாம் என்று இனிக்க இனிக்கப் பேசினார். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, வெளியூரில் தங்கிப் படிப்பவருக்கான கூடுதல் உதவித்தொகையைக் கேட்க முடியாது. நம்மில் பலர் இத்தாலியைத் தேர்ந்தெடுப்பதே அந்த உதவித்தொகையை நம்பித்தான். அவர் சொன்னதில் பாதி புரிந்ததால் தப்பித்தேன். ஒன்றுமே புரியாமல் தலையாட்டியிருந்தால் ஒரு வருடத் தொகை போயிருக்கும்.

இந்த ஊர் அந்நியர்களுக்குப் பழகாத ஊர் இல்லை என்பதுதான் வேடிக்கை. போலோன்யா பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த ஆசிரியர்களும் மாணவர்களும் 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. பழைய கட்டடமான பலாத்சோ போவில் நாற்பது பேர் படங்கள் மாட்டிய கூடம் ஒன்று இருக்கிறது. நாற்பது பேரும் வெளிநாட்டிலிருந்து வந்து படித்தவர்கள். உடலில் இரத்தம் சுற்றி ஓடுவதை விளக்கிய வில்லியம் ஹார்வியும் அவர்களில் ஒருவர். 1602-இல் இங்கே பட்டம் பெற்றார். கலிலியோகூட 1592 முதல் 1610 வரை இங்கே கற்பிக்க வந்த வெளியூர்க்காரர்தான்.

அவர்கள் காலத்தில் பாடம் லத்தீனில். எந்த நாட்டுப் பையனும் வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் ரொட்டி வாங்கவும் வாடகை பேசவும் லத்தீன் எந்த அளவுக்கு உதவியிருக்கும்? இன்றைய ஆங்கிலம் அந்த லத்தீனின் இடத்தில் இருக்கிறது, வேறொன்றுமில்லை. கலிலியோ தொலைநோக்கியில் கண்டதை 1610-இல் உலகத்து அறிஞர்களுக்காக லத்தீனில் எழுதினார். பிறகு தன் நாட்டு மக்களும் படிக்க வேண்டும் என்று நினைத்தபோது இத்தாலியனுக்கு மாறினார்.

கோயிலுக்கும் போனேன், வேண்டிக்கொண்டேன். அந்தோணியார் பிறந்தது லிஸ்பனில். வந்தேறியான அந்தப் பிரசங்கியாரின் நாக்கை எடுத்துப் பேழையில் வைத்து இன்றும் காட்டுகிறார்கள். என்னைப் போல அரைகுறை பக்தி உள்ளவரையும் அது கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிடுகிறது.

பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் செய்து தரக் கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். தன் அலுவலகத்தில் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. ஊர் முழுவதற்கும் அது பொறுப்பேற்க முடியாது. பாடத்திட்டத்தில் இலவச மொழி வகுப்பு உண்டே என்பதும் சரிதான். ஆனால் அந்த வகுப்பு தொடங்குவதற்குள் எட்டு வேலை நாட்களும் ஓடிவிடும்.

இடம் கிடைத்ததற்கும் விசா முத்திரை விழுவதற்கும் இடையில் சில மாதங்கள் இருக்கும். எல்லோரும் அதைத் தூதரகத் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தே கழிக்கிறோம். தினம் ஒரு மணி நேரம் அதில் எடுத்து எண்கள், கிழமைகள், மாதங்கள், "எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்", "ஒப்பந்தம் பதிவு செய்யப்படுமா?" என்பவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் பிறகு வரட்டும். புளி இங்கேயே கிடைக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆசியக் கடைகளில் கேளுங்கள்.