டியூப் மானிட்டரும் தட்டைத் திரையும்: எழுத்தோடு கிடப்பவனின் கட்சி

"என்ன இருந்தாலும் டியூப் மானிட்டர் மாதிரி வராது" என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒன்று கேட்கத் தோன்றும். அதில் நீங்கள் விளையாடினீர்களா, படம் பார்த்தீர்களா, இல்லை நாள் முழுக்க எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்களா? இதற்கான பதிலைப் பொறுத்து தீர்ப்பே தலைகீழாக மாறும்.

நான் மெய்ப்பு பார்க்கிறவன். காலையில் உட்கார்ந்தால் இரவு வரை எழுத்தோடுதான். டியூபை விட்டுத் தட்டைத் திரைக்கு வந்ததுதான் கணினி விஷயத்தில் எனக்கு நடந்த ஆகப்பெரிய நல்லது. வேகமான ப்ராசசரும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் அந்த நிம்மதியைத் தரவில்லை. அதற்காக, டியூப் எல்லாவற்றிலும் மட்டம் என்று அடித்துப் பேசுகிறவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியாது. மாறியபோது சிலவற்றை நாம் விட்டுக்கொடுத்தோம். அவற்றைத் திரும்பப் பெறவே வருஷக்கணக்கானது.

முதலில் கண் ஏன் அவ்வளவு களைத்தது என்று பார்ப்போம். டியூபின் பின்னால் நீண்டிருக்கும் கழுத்துக்குள் எலெக்ட்ரான் துப்பாக்கி இருக்கும். கலர் மானிட்டர் என்றால் மூன்று கற்றைகள். கழுத்தைச் சுற்றியுள்ள சுருள்களின் காந்தப்புலம் அந்தக் கற்றைகளை வளைத்து, கண்ணாடியின் உட்பக்கம் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் மேல் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரிவரியாக ஓட்டும். கற்றை பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து, கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். கொஞ்ச நேரம் என்றால் ஒரு மில்லிசெகண்ட் அளவு. ஆக, எந்தக் கணத்தில் நிறுத்திப் பார்த்தாலும் திரையில் ஒரு பட்டைதான் வெளிச்சமாக இருக்கும், மீதி இருட்டு. முழுப் படமாகத் தெரிவது கண்ணும் மூளையும் சேர்ந்து செய்கிற வேலை. ஓடுகிற டியூபை வீடியோ எடுத்தால் ஒரு கருப்புப் பட்டை உருண்டுகொண்டே போகுமே, அது இதனால்தான்.

இந்த வேலை நொடிக்கு 60 முறை நடந்தால் 60 ஹெர்ட்ஸ். வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு 60 போதாது. நேராகப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் தாளைப் பார்க்கத் தலையைத் திருப்பினால், ஓரக்கண்ணில் திரை படபடவென்று துடிக்கும். துடிப்பை உணர்வதில் ஓரப்பார்வைக்குத்தான் கூர்மை அதிகம். மெய்ப்பு பார்ப்பது என்றாலே தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பதுதான், அதனால் எங்களுக்கு இந்தத் துடிப்பிலிருந்து தப்பவே வழியில்லை. ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது இந்த எண்ணிக்கையை, 85க்கு ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்கு அது அடங்கிவிடும். ஆனால் அந்த வசதி செட்டிங்ஸில் எங்கோ உள்ளே கிடந்தது. எத்தனையோ பேர் கடைசிவரை அதைத் தொடவே இல்லை. சில மானிட்டர்களில் ரெசல்யூஷனை, அதாவது திரையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கையை, கூட்டினால் ரெஃப்ரெஷ் ரேட் தானாகவே 60க்கு இறங்கிவிடும். தலைவலிக்கெல்லாம் கதிர்வீச்சுதான் காரணம் என்று நம்பி, திரைக்கு முன்னால் தனியாக ஒரு ஃபில்டர் மாட்டியவர்கள் ஏராளம். கதிர்வீச்சைத் தடுப்பதற்காகவே டியூபின் கண்ணாடியைத் தடிமனாக, ஈயம், பேரியம் போன்ற கனமான உலோகங்களைச் சேர்த்துச் செய்தார்கள். என்னைக் கேட்டால் கண்ணைப் படுத்தியவை மூன்று: துடிப்பு, கண்ணாடியில் விழும் ஜன்னல் வெளிச்சம், எழுத்தின் மங்கல்.

மங்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று கற்றைகளும் மிகச் சரியாக ஒரே இடத்தில் போய் விழுந்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். திரையின் நடுவில் அப்படி விழும். மூலைக்குப் போகப் போக ஒன்றைவிட்டு ஒன்று விலகும். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தை ஓரத்துக்குக் கொண்டுபோனால் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கசியும். அந்த இடத்தில் சின்ன அளவில் தமிழ் எழுத்தை வைத்துப் பாருங்கள். னகரத்தையும் ணகரத்தையும் சுழியை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 'பனி'யா 'பணி'யா என்று வாக்கியத்தைப் படித்துத்தான் ஊகிக்க முடியும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வித்தியாசமே உச்சியில் இருக்கும் ஒரு சின்ன வளைவுதான், அது போய்விடும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று திரையருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, 17 இன்ச் டியூப் ஏறக்குறைய அதே அளவு ஆழமும் இருக்கும். மேஜையின் பாதியை அது அடைத்துக்கொண்டால் திரை நம் மூக்குக்கு முன்னால்தான் நிற்கும், தள்ளி வைக்கவும் இடமிருக்காது.

தட்டைத் திரையில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும், தன் இடத்தில் அசையாமல் இருக்கிறது. நடுவில் இருக்கும் அதே கூர்மை மூலையிலும் இருக்கும். அடுத்த படம் வரும்வரை பிக்சல் அணையாமல் நிற்பதால் 60 ஹெர்ட்ஸிலேயே துடிப்பு கிடையாது. பிக்சலின் இடம் நிலையாக இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று துண்டுகளையும் தனித்தனியாக இயக்கி எழுத்தின் விளிம்பைச் சீராக்கலாம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த கிளியர்டைப் செய்தது அதைத்தான். சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்கு அது பெரிய உபகாரம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால், மாறிய புதிதில் "பழையதே தெளிவாக இருந்ததே" என்று ஏன் அத்தனை பேர் புலம்பினார்கள்? பெரும்பாலும் அமைத்த விதம்தான் காரணம். டியூபில் எந்த ரெசல்யூஷன் வைத்தாலும் படம் இயல்பாக வரும். தட்டைத் திரைக்குச் சொந்தமாக ஒரே ஒரு ரெசல்யூஷன்தான். அதைத் தவிர எதை வைத்தாலும் படத்தை இழுத்துத்தான் காட்டியாக வேண்டும். அந்தக் காலத்து 17 இன்ச் தட்டைத் திரைகளுக்கு 1280×1024. எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று அதை 1024×768க்கு மாற்றினால், குறுக்கே 1.25 மடங்கும் நெடுக்கே 1.33 மடங்கும் இழுபடும். முழு எண்ணில் பெருகாததால் ஒவ்வொரு கோடும் இரண்டு பிக்சலுக்கு நடுவில் கரைந்து நிற்கும். வட்டம்கூட வட்டமாக இருக்காது, உயரவாக்கில் நீண்டுவிடும். பிறகு தெளிவு எங்கிருந்து வரும்? எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் ரெசல்யூஷனைத் தொடாமல் எழுத்தளவையோ ஸ்கேலிங்கையோ கூட்ட வேண்டும். இன்றைய பெரிய திரைகளுக்கும் இதே விதிதான். இன்றும் பலர் இதே தவறைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் கேபிள். விஜிஏ கேபிளில் வருவது அனலாக் சிக்னல். அதை எந்தக் கணத்தில் அளப்பது என்பதை மானிட்டர் ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகம் கொஞ்சம் பிசகினாலும் எழுத்துக்கு நிழல் விழும், நெடுக்குவாட்டில் பட்டை பட்டையாக நெளியும். விஜிஏதான் கதி என்றால், திரை முழுக்க எழுத்தாக இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தானை அழுத்துங்கள். வெறும் திரையில் அழுத்தினால் அளப்பதற்கு அதற்கு ஒன்றும் கிடைக்காது. டிஜிட்டல் கேபிளான டிவிஐயோ எச்டிஎம்ஐயோ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிரைட்னஸும் அப்படித்தான். நல்ல டியூப் தரும் வெளிச்சத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தட்டைத் திரை தரும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் முழு வெளிச்சத்தில் இருக்கும். அதை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணைக் குத்துகிறது என்றால் குத்தத்தான் செய்யும். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், தாளும் திரையும் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் தெரியும்வரை குறையுங்கள். குறைத்த பிறகும் தலை வலிக்கிறது என்றால் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, சந்தேகப்படலாம். வெளிச்சத்தைக் குறைப்பதற்காக விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும் மானிட்டர்கள் உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

இனி விட்டுக்கொடுத்தவை. டியூபில் கருப்பு என்றால் அந்த இடத்தில் கற்றை நின்றுவிடும், ஒளியே இருக்காது. எல்சிடி என்ற வழக்கமான தட்டைத் திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். திரவப் படிகம் அதை மறைக்கும், முழுசாக மறைக்காது. சாத்திய கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிவது போல இருட்டு அறையில் கருப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். அந்தக் கருப்பை நமக்குத் திருப்பித் தந்தது, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை. ஆரம்பகால மலிவுத் திரைகளைக் கீழிருந்து பார்த்தால் நிறமே புரண்டுவிடும். டியூபை எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வண்ண வேலை செய்த ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் சோனியின் ட்ரினிட்ரான் போன்ற நல்ல டியூப்களை நெடுநாள் விடாமல் வைத்திருந்ததில் நியாயம் இருந்தது.

அசைவில் டியூபின் மேன்மை இன்னும் வியப்பானது. திரையில் ஒன்று ஓடும்போது கண் அதைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. தட்டைத் திரையிலோ படம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது. கண் நகர, படம் நிற்க, விழித்திரையில் அது இழுகிவிடுகிறது. நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் பொருள் 16 பிக்சல் அகலத்துக்கு இழுகும். பிக்சல் எவ்வளவு வேகமாக நிறம் மாறினாலும் இது போகாது, ஓஎல்இடியிலும் உண்டு. இதைக் குறைக்க, ஒன்று, நொடிக்கு இன்னும் நிறையப் படங்கள் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு படங்களுக்கு நடுவே திரையை இருட்டாக்க வேண்டும். டியூப் இதைத் தன் இயல்பிலேயே செய்தது. என் கண்ணைக் களைக்க வைத்த அதே துடிப்புதான் விளையாடுகிறவருக்குக் கத்தி போன்ற தெளிவைக் கொடுத்தது. இது புரிந்த பிறகு, டியூபைத் தேடி அலைகிற பழைய கேம் பிரியர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு அது சரி, என் கண்ணுக்கு இது சரி.

இடையில் ஒரு சேதி. தட்டைத் திரையைப் புதியது என்றும் டியூபைப் பழையது என்றும் சொல்கிறோம். பிரவுன் என்ற இயற்பியலாளர் கதோட் கதிர்க் குழாயை, அதாவது நம் டியூபை, செய்து காட்டியது 1897இல். திரவப் படிகத்தின் விசித்திரத்தை ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கவனித்தது 1888இல். ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலை இருக்கிறதே என்று அவர் குழம்பினார். அறிவாக எடுத்துக்கொண்டால் எல்சிடிதான் மூத்தது. அதைத் திரையாக்கும் வழி பிடிபடத்தான் 1960கள் வரை ஆனது.

மாறிவிட்டு, பழைய டியூபை மூலையில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓடுகிற நிலையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அதை விரும்பி எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. திரையை நோக்கிப் பொம்மைத் துப்பாக்கியால் சுடும் பழைய லைட் கன் விளையாட்டுகள் கற்றை ஓடும் நேரத்தை நம்பியே குறி பார்த்தவை, தட்டைத் திரையில் அவை வேலை செய்யாது. ஓடாவிட்டால், உடைக்காமல் முழுசாக மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அது குப்பையோடு மண்ணுக்குப் போகக் கூடாது. செம்புக்காகப் பின்மூடியைக் கழற்றவே வேண்டாம். கலர் டியூபுக்குள் ஓடுவது 25,000 வோல்ட் அளவிலான மின்னழுத்தம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும்.