அல்வா மீது பழி போட்டுவிட்டுப் போனவருக்கு

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் அந்த வாழ்வியல் ஆலோசகர் பேசிய காணொளி இந்நேரம் உங்கள் அனைவருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்திருக்கும். ஆகையால் முழுக் கதையையும் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. "சீனியையும் மைதாவையும் நிறுத்துங்கள், ஒரே மாதத்தில் பிள்ளை அடங்கி உட்காருவான், மாத்திரையைக் குப்பையில் போடுங்கள்" என்று அவர் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. "அம்மாமார் அடுப்படியில் ஒழுங்காக நின்றிருந்தால் ஏ.டி.எச்.டி. என்ற பேச்சே வந்திருக்காது" என்று அவர் அடுத்துச் சொன்னதற்கு அதைவிடப் பலமாகத் தட்டியது. நானும் அந்த அரங்கில்தான் இருந்தேன். தட்டவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக்குறைவும் அளவு மீறிய துறுதுறுப்பும் உள்ள பிள்ளைக்கு நல்ல உணவு துணை செய்யும்; மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சையின் இடத்தில் அது வந்து உட்காராது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குப் பிரச்சினை. கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் எனக்கு எதிரிகள் அல்ல.

முதலில் சீனி. 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எந்தப் பிள்ளைக்குச் சீனி கொடுத்தார்கள், எந்தப் பிள்ளைக்கு அதைப் போலவே இனிக்கும் வேறொன்றைக் கொடுத்தார்கள் என்று கவனிப்பவர்களுக்குத் தெரியாமல் நடத்திய சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. எல்லாச் சிறுவர்களுக்கும் சீனி இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, ஒரு பகுதித் தாய்மாரிடம் மட்டும் "உங்கள் மகன் நிறையச் சீனி குடித்திருக்கிறான்" என்றார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகச் சொன்னதோடு, அவனை ஒட்டி ஒட்டி நின்று அதிகம் குறை சொல்லவும் செய்தார்கள்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் சொந்தக்காரர் கல்யாண வீட்டில் நான் கண்ணால் கண்டதும் இதுவே. ஏ.டி.எச்.டி. உள்ள என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பந்தியில் அவன் இலையில் அல்வா விழுந்ததும் எதிரே இருந்த பெரியம்மை எட்டிக் கையை நீட்டி, "அவனுக்கு இனிப்பு குடுக்காதிய, அப்புறம் பிடிக்க முடியாது" என்று அதை எடுத்துத் தன் இலையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். நெய் மட்டும் அவன் இலையில் வட்டமாக மினுங்கிக்கொண்டிருந்தது; அதை அவன் விரலால் தொட்டுத் தொட்டு நக்கினான். அவன் எழுந்து கை கழுவப் போகும்போது ஒரு சொம்பைத் தட்டிவிட்டான். உடனே வரிசை முழுவதும், "பாத்தியளா, இனிப்பு பண்ற வேலை" என்றது. அந்த இனிப்பு பெரியம்மையின் வயிற்றில் இருந்தது. பந்தி தொடங்குவதற்கு முன்பே அவன் பந்தல்காலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இதற்காகச் சீனியை அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். பல்லுக்கும் உடம்புக்கும் அது கெடுதல்தான். ஆனால் அது வேறு வழக்கு.

"அப்படியென்றால் உணவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கிறது. செயற்கை நிறங்களைப் பற்றி அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பைன்கோல்டு 1970களிலேயே பேசினார். அவர் சொன்ன அளவுக்குப் பெரிய பலன் பிந்தைய சோதனைகளில் கிடைக்கவில்லை. ஆனால் 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறங்களும், உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சாதாரணப் பிள்ளைகளிடமே துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டுவதாகக் காட்டியது. அதன் பிறகு 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் வந்த ஆறு நிறங்கள் சேர்ந்த உணவுப் பொட்டலங்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்றாயிற்று. அவற்றில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ போன்றவை நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட நிறங்கள். நம் வீட்டில் நிறம் ஏற்றிய மிட்டாயும் பொட்டலத் தின்பண்டமும் வாங்குவதில்லை. அதை விட்டதால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் 'சற்று' என்ற அந்த அளவை மேடையில் 'முழுவதும்' என்று மாற்றிச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனை அல்ல.

மீன் எண்ணெயும் அப்படித்தான். ஒமேகா-3 கொழுப்புக்குச் சிறிய பலன் இருப்பதாகச் சில தொகுப்பாய்வுகள் சொல்கின்றன; மருந்தின் பலனோடு ஒப்பிட அது மிகவும் குறைவு. சாளை மீன் குழம்பு வைக்க அதுவே போதுமான காரணம், மாத்திரையை நிறுத்த அது காரணம் ஆகாது. இரும்புச்சத்தை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்தும் கவனம் சிதறியும் இருப்பான். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். ஆலோசகர் ஒன்றரை மணி நேரம் பேசினார். இரத்தப் பரிசோதனை என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை.

உணவு மிக முக்கியமாகத் தேவைப்படும் இடம் இன்னொன்று உண்டு. அதையும் மேடையில் யாரும் தொடவில்லை. என் மகன் சாப்பிடும் ஏ.டி.எச்.டி. மாத்திரையான மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். என் மகன் பள்ளிக்குக் கொண்டுபோகும் டப்பா மதியம் திறக்கப்படாமலேயே திரும்பி வரும். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்பே நெய் ஊற்றிய இட்லியும் முட்டையும் கொடுக்கிறேன். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு இரவில் அவன் கேட்கும்போதெல்லாம் சோறு போடுகிறேன். எடையையும் உயரத்தையும் மருத்துவர் குறித்துக்கொண்டே வருகிறார். அடுப்படியில் ஒழுங்காக நிற்பது என்பது இதுதான், ஐயா.

அடுத்து வரப்போவது எனக்குத் தெரியும். "பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியை வைத்துக்கொண்டு நம் மருத்துவத்தை இழிவுபடுத்துகிறாயா?" இல்லை. என் மாமியார் அரைக்கும் வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. மகனுக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். அந்தக் கல்லூரியில் படித்துப் பதிவு பெற்ற மருத்துவரிடம் போகிறவரை நான் தடுக்கவில்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத சூரணப் பொட்டலத்தை மேடைக்குக் கீழே மேசை போட்டு விற்பவரைத்தான் கேள்வி கேட்கிறேன். 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் பிள்ளைகளின் கவனத்தையே கெடுக்கும் நஞ்சு. கவனக்குறைவுக்கு மருந்தென்று சொல்லி அதையே ஊட்டினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"மருந்துக் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய்?" என்பவர்களுக்கு: இந்த மாத்திரை போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருவது, எல்லா மருந்துக் கடையிலும் வைத்திருப்பதில்லை. திருநெல்வேலி சந்திப்பிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் வரை கடை கடையாக ஏறி இறங்குகிறவளுக்குக் கம்பெனி ஒரு ஆட்டோவாவது அனுப்பியிருக்கலாம்.

"எங்கள் பிள்ளைக்கு உணவை மாற்றியதும் சரியாகிவிட்டது" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சில பிள்ளைகளுக்குச் சில உணவுகள் ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மை. வயது ஏற ஏறத் துறுதுறுப்புத் தானாகக் குறைவதும் உண்டு. எது காரணம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. உங்கள் மகிழ்ச்சியை வாழ்த்துகிறேன். அதை மருந்துச்சீட்டாக என் கையில் திணிக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகள் இந்தக் குறைபாட்டில் பரம்பரையின் பங்கு எழுபது விழுக்காட்டுக்கும் மேல் என்கின்றன. பரம்பரை என்றால் இரண்டு வழி உண்டு. என் கணவர் வீட்டில் அவர் பள்ளிக்கூடத்துச் சேட்டைகளை இன்றும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். ஓட்டின் மேல் ஏறியது, பரீட்சைத் தாளைப் பாதியில் வைத்துவிட்டு வந்தது எல்லாம் அங்கே வீரக்கதை. அதே சேட்டையை மகன் செய்தால் என் சமையலில் குற்றம். அந்த அரங்கில் அப்பாமாரும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து ஆலோசகர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைதட்டியவர்களில் முன்வரிசை முழுவதும் அவர்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் என்னிடம் பேசிய அக்கா ஞாயிற்றுக்கிழமை முதலே மாத்திரையை நிறுத்திவிட்டதாக நேற்று அலைபேசியில் சொன்னார். மகன் வகுப்பில் உட்காரவில்லை என்று பள்ளியிலிருந்து அதற்குள் அழைப்பு வந்துவிட்டதாம். டாக்டரிடம் திரும்பப் போனால் ஏசுவார் என்று பயமாக இருக்கிறதாம். அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஏசினால் ஏசட்டும், நாளைக்கே போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், ஆனால் வீட்டுக்காரரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.