சேர்த்து வைத்தவரை நோயாளி என்று சொல்ல நீங்கள் யார்?

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். காலமான வாத்தியார் ஐயாவின் அறைக்குள் கைத்தொலைபேசியோடு நுழைந்து, அவர் கட்டிவைத்திருந்த பத்திரிகைகளையும் அந்தியேட்டிக் கல்வெட்டுகளையும் (இறந்தவரின் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறு நூல்கள்) காட்டி, "இது ஒரு வருத்தம்", அதாவது நோய், என்று சிரித்து, கடைசியில் அவ்வளவையும் பழைய பேப்பர் வாங்குபவரின் தராசில் ஏற்றும் வரைக்கும் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் எனக்கு வேண்டியவர்களும் இருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

சேர்த்து வைப்பது வருத்தம் அல்ல. எதையுமே கழிக்க முடியாமல் வீட்டை நிரப்புகிற கோளாறு ஒன்று இருக்கிறது; அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. ஆனால், ஒழுங்கோடும் முறையோடும் சேகரிப்பவரை அதே கையேடு அந்த நோயிலிருந்து பிரித்துத்தான் வைக்கிறது. அந்தக் காணொளியையே இன்னொரு முறை நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் ஊரின் பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. நடப்பதற்கு வழி இருக்கிறது, கட்டிலில் பாய் விரித்திருக்கிறது. இதில் நோய் எங்கே தெரிந்தது?

மனிதன் தன்னுடையது என்று சொல்லும் பொருட்களும் அவனுடைய 'நான்' என்பதற்குள் அடங்கும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எழுதிவிட்டார். கானமன், நெட்ச், தேலர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கோப்பை ஒன்றைக் கையில் பெற்றவர்கள், அதை வாங்க வந்தவர்கள் கொடுக்க விரும்பியதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கேட்டார்கள். சற்று முன் கிடைத்த கோப்பைக்கே அப்படியென்றால், ஒரு ஆயுட்காலம் தேடிச் சேர்த்ததற்கு என்ன விலை? கிலோக் கணக்கில் போட்டவர்கள் சொல்லட்டும்.

என் அப்பா தபால் முத்திரை சேர்த்தவர். போரால் யாழ்ப்பாணத்தில் நடந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவருடைய அல்பங்கள் கொக்குவில் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. ஆனால் கொடிகாமத்தில் தங்கியிருந்த காலத்திலேயே அவர் மறுபடியும் தொடங்கிவிட்டார். கடித உறையின் மூலையை வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு, பசை விட்டு முத்திரை தானாகக் கழன்று வரும்வரை பொறுத்திருந்து, பழைய தாளில் கவிழ்த்து உலரவைப்பார். பல்லைப் பிடுங்குவதைப் போல இழுக்கக் கூடாது என்பார். சொந்தக்காரர்கள் அவரை விசர், பைத்தியம் என்றார்கள். வீடும் தொழிலும் போன ஒரு மனிதருக்குத் தன் கையால் ஒழுங்குபடுத்தக்கூடியதாக அந்தச் சின்னத் தாள்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு அப்பா பேசாமல் இருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகவே, 'வருத்தம்' என்ற சொல் எனக்குச் சும்மா ஒரு சொல் அல்ல.

தூசி, கறையான் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வழி பார்க்கலாம், எடைக்குப் போடத் தேவையில்லை. எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று வேறு சிலர் கேட்கிறார்கள். 'நூலகம்' என்ற பெயரிலான இணைய எண்ணிம நூலகம் 2005இலிருந்து செய்துவரும் வேலை பெரியது, ஆனால் யாரோ ஒருவர் தாளாக வைத்திருந்தால்தானே அதை மின்வருடலாம்? சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்று பெருமை பேசுகிறோம். பழைய ஏடுகளை எதற்கென்று கேளாமல் வீட்டில் வைத்திருந்தவர்கள் இல்லையென்றால் அவர் எதைப் பார்த்துப் பதிப்பித்திருப்பார்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து படம் போடுகிறவர்களே இன்று ஒரு அறை நிறைந்த தாள்களுக்குச் சிரிக்கும் முகம் போடுகிறார்கள். இதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்வெட்டு என்றால் தேவாரமும் படமும் மட்டும் என்று நினைக்கிறீர்களா? இறந்தவரின் பரம்பரை, படித்த பள்ளிக்கூடம், வேலை பார்த்த ஊர், எந்த ஊரில் யாரைக் கட்டினார் என்பதெல்லாம் அதிலே இருக்கின்றன. இடம்பெயர்ந்து சிதறிய குடும்பங்கள் பலவற்றுக்கு வேறு பதிவு எதுவும் கிடையாது.

"அவர் உண்மையாகவே நோயாளியாக இருந்திருந்தால்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இருந்திருந்தால் அதைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டுவது இன்னும் பெரிய கொடுமை. நோயாளியைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் எந்த வீட்டில் பழக்கினார்கள்?

காணொளியை எடுத்தவர் இதைப் படித்தால் முதலில் அதை நீக்கிவிடட்டும். அந்த அறையில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருந்தால், அல்லது வாங்கிச் சென்றவரின் இடம் யாருக்காவது தெரிந்தால், உட்பெட்டியில் சொல்லுங்கள். தராசு என்ன விலை சொன்னதோ அதற்கு மேலேயே தருகிறேன், வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.